கெடா வெட்டு எலும்பும் கடை எலும்பும்: ஜூலியின் கேஸ்

இது ஒரே நாய்க்கு ஆறு மாத இடைவெளியில் எலும்பால் வந்த இரண்டு ஆபத்துகளைப் பற்றியது. முதலாவது வீட்டுக் குழம்புச் சட்டியிலிருந்து வந்தது. இரண்டாவது, அதற்குப் பயந்துபோய்க் காசு கொடுத்து வாங்கிய எலும்பிலிருந்து வந்தது. ராமநாதபுரத்தில் ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் பார்க்கிற கால்நடை மருத்துவர் நான், எலும்பு மாட்டிய நாய்கள் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஜூலியின் கேஸை முழுசாக எழுதக் காரணம் இருக்கிறது. "நாய்க்கு எலும்பு கொடுக்கலாமா, கூடாதா" என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடைத்தால் ஒரு வீடு அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்கும் என்பது இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குடியிருப்பு. வீட்டுக்காரருக்கு விசைப்படகு இருக்கிறது. ஜூலி நான்கு வயதுப் பெட்டை, இங்கே எல்லாரும் பொமேரியன் என்று சொல்கிற வெள்ளை ஸ்பிட்ஸ், எடை எட்டு கிலோ. கூடவே கருப்பன் என்று ஒரு நாட்டு நாய், இருபது கிலோவுக்கு மேல் இருப்பான், ராத்திரியில் கரையில் கிடக்கிற வலைக்கும் சாமானுக்கும் அவன்தான் காவல். கருப்பனுக்கு நோய் ஒன்றுமில்லை, ஆனால் அவனை வைத்துத்தான் பாதி விஷயம் புரியும்.

மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆம்பளைகள் வீட்டில் இருப்பார்கள், குலசாமி கும்பிடும் கெடா வெட்டும் வரிசையாக நடக்கும். அப்படி ஒரு விருந்து முடிந்து, குழம்பில் மிச்சமான எலும்பை அப்பத்தா இரண்டு நாய்களுக்கும் ஒரே இடத்தில் போட்டிருக்கிறார். கருப்பன் நிதானமாக நொறுக்கித் தின்றான். ஜூலி, எங்கே அவன் பிடுங்கிக்கொள்வானோ என்று மெல்லாமல் விழுங்கிவிட்டாள்.

அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பது, எச்சில் நூல்போல ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்காருவது. வீட்டில் செய்ததை வீட்டுக்கார அம்மா மறைக்காமல் சொன்னார்: "நமக்கு மீன் முள்ளு குத்துனா சோத்து உருண்டை முழுங்குவோம்ல சார், அது மாதிரி உருட்டிக் குடுத்தோம். கொஞ்ச நேரத்துல அப்படியே திரும்ப வந்துருச்சு. வாழைப்பழமும் குடுத்துப் பாத்தோம்." மறுநாள் சாயங்காலம்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

இந்த "அப்படியே திரும்ப வந்துருச்சு" என்பதுதான் நோயை முக்கால்வாசி காட்டிக்கொடுத்த பேச்சு. வாந்தி எடுக்கிற நாய் முதலில் குமட்டும், வயிற்றைச் சுருக்கிச் சுருக்கி முக்கும், வருகிற சோறு பாதி செரித்து மஞ்சளாக இருக்கும். எதுக்களிப்பில் அந்த முக்கல் கிடையாது, தலையைக் குனிந்ததும் சோறு செரிக்காமல், சில சமயம் குழல் வடிவத்திலேயே, சளி பூசி வந்து விழும். அப்படி வந்தால் சோறு இரைப்பைக்குப் போகவே இல்லை, உணவுக்குழாயில் ஏதோ வழிமறிக்கிறது என்று பொருள். மருத்துவமனைக்கு வரும்போது இதைப் பார்த்து வைத்துச் சொன்னால் போதும், எங்களுக்குப் பாதி வேலை மிச்சம், ஒரு செல்போன் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

ஜூலிக்கு லேசான காய்ச்சல், உடம்பில் நீர் கொஞ்சம் குறைந்திருந்தது, ஈறு நிறம் நன்றாக இருந்தது, வாய்க்குள் ஒன்றுமில்லை. நெஞ்சில் ஸ்டெத் வைத்தபோது இரண்டு பக்கமும் மூச்சு சுத்தமாகக் கேட்டது. இதைக் கவனமாகப் பார்க்கக் காரணம் அந்தச் சோற்று உருண்டை. அடைத்துக்கொண்ட குழாயில் மேலே மேலே திணித்தால் அது திரும்பி வரும்போது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம், எலும்பின் கூர் குழாய்ச் சுவரில் இன்னும் ஆழமாக ஏறவும் செய்யும். ஜூலிக்கு அது நடக்கவில்லை. பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்துக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்கும் நடுவில் ஆட்டின் முதுகெலும்புத் துண்டு ஒன்று, இரண்டு பக்கமும் முனை நீட்டிக்கொண்டு, குறுக்கே உட்கார்ந்திருந்தது. நாயின் உணவுக்குழாய் தொண்டை வாசல், மார்புக்கூட்டு நுழைவு, இதயத்தின் அடிப்பகுதி, உதரவிதானத்துக்குச் சற்று முன் ஆகிய இடங்களில் விரிந்துகொடுக்காது, எலும்பு மாட்டினால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் மாட்டும். முதுகெலும்பு, கழுத்தெலும்புத் துண்டுகளுக்கு எல்லாப் பக்கமும் முனை இருப்பதால் அவை நழுவாது. அதுவும் சின்ன நாய் என்றால் சொல்லவே வேண்டாம்.

குழாயைச் சுற்றி காற்றோ நீரோ கசிந்த அடையாளம் எக்ஸ்ரேயில் இல்லை, அதாவது ஓட்டை விழவில்லை. ஆனால் இதில் நேரம்தான் எதிரி. எலும்பு அழுத்திக்கொண்டே இருக்க இருக்க, குழாய்ச் சுவருக்கு ரத்தம் போகாமல் அந்த இடம் அழுகும், ஓட்டை விழுந்தால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும், அந்தக் கட்டத்துக்குப் போன நாய்களைக் காப்பாற்றுவது கஷ்டம். வாய்வழியே கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி என்னிடம் இல்லை. டிரிப் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்கு அனுப்பினேன், நூறு கிலோமீட்டருக்கு மேல். வாயில் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டேன்.

அங்கே மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பியில் இடுக்கி வைத்து மேலே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், வரவில்லை. பிறகு மெதுவாகத் திருப்பி இரைப்பைக்குள் தள்ளிவிட்டார்கள். அதைக் கேட்டு வீட்டுக்காரர் பதறிவிட்டார், "வெளியே எடுக்காம உள்ளேயே தள்ளிட்டாங்களே சார்" என்று போனில் கேட்டார். எலும்பைப் பொறுத்தவரை அது சரியான முறைதான், இரைப்பை அமிலம் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், வயிற்றைக் கீறவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பிளாஸ்டிக்கோ தூண்டில் முள்ளோ என்றால் கதை வேறு. அடுத்த வாரம் இங்கே எடுத்த எக்ஸ்ரேயில் துண்டு மங்கலாகியிருந்தது, அதற்கடுத்ததில் காணோம். குழாயில் வளையமாகப் புண் இருந்ததால் அமிலம் குறைக்கிற மாத்திரை, புண்ணுக்கு சுக்ரால்ஃபேட், கூழ்போலக் கரைத்த சாப்பாடு. இந்தப் புண் ஆறும்போது தழும்பு இறுகிக் குழாய் சுருங்கிப்போகலாம், அதனால் சில வாரம் கழித்தும் எதுக்களிப்பு திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வரவில்லை.

இனி இரண்டாவது பாகம். மதுரையில் டிஸ்சார்ஜ் செய்யும்போது "சமைத்த எலும்பு கொடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சரியான அறிவுரை. வீடு அதை அட்சரம் பிசகாமல் கேட்டது. ஆனால் ஜூலி எதையாவது கடித்துக்கொண்டே இருக்கிற நாய், செருப்பு, கதவுச் சட்டம் எல்லாம் போனது. சென்னையில் வேலை பார்க்கிற மூத்த மகன் ஆன்லைனில் எருமைக் கால் எலும்பு வாங்கி அனுப்பினான், புகையில் உலர்த்தியது, இயற்கையானது, எல்லா வயது நாய்க்கும் ஏற்றது என்று கவரில் போட்டிருந்தது. உடையாது, விழுங்க முடியாது, அப்போ பாதுகாப்புதானே என்று அவன் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது, யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஐப்பசி மழையில் ஜூலி மறுபடி வந்தாள். வலது கண்ணுக்குக் கீழே வீக்கம், ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், தலையைத் தொடவிடவில்லை. கண்ணில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றுதான் வீட்டில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். உதட்டைத் தூக்கினால் மேல்வரிசையில் நாலாவது முன்கடைவாய்ப்பல், நாய்க்கு இருக்கிற 42 பற்களில் கறியை வெட்ட ஆதாரமான பெரிய பல், வெளிப்பக்கம் ஒரு பட்டையாகச் சிலும்பி ஈறுவரை பெயர்ந்திருந்தது. நடுவில் கரும்புள்ளியாக, நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற கூழறை தெரிந்தது. அந்தப் பல்லின் வேர்கள் கண்ணுக்கு நேர் கீழே இருக்கின்றன, வேரில் சீழ் கட்டினால் கன்னத்தில்தான் வீங்கும், அப்புறம் உடைந்து தோல் வழியே ஒழுகும். மூன்று வேர் உள்ள பல், மயக்கம் கொடுத்து மூன்றாக அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. ஆறிவிட்டாள். ஆனால் அந்தப் பல் இனிமேல் முளைக்காது.

மனிதப் பல்லின் எனாமல் மெல்லுகிற பக்கத்தில் 2 மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் இருக்கும். நாய்க்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. தாடை பலம் அதிகம், பல்லின் கவசம் மெல்லிசு. எருமைக் கால் எலும்பு, மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கடினமான நைலான் எலும்பு, இவற்றின் மேல் அந்தப் பலம் முழுவதும் இறங்கும்போது விட்டுக்கொடுப்பது பல்தான். குழம்பு எலும்பில் எலும்பு உடைந்து நாயைக் குத்துகிறது, கடை எலும்பில் எலும்பு உடையாமல் நாயின் பல்லை உடைக்கிறது. அதனால் "உடையுமா" என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏதோ ஒரு பக்கம் அடி விழத்தான் செய்யும். மூன்று கேள்வி கேட்கவேண்டும்: நெருப்பு பட்டதா, பல்லைவிடக் கடினமா, இந்த நாயின் தொண்டைக்கு எந்த அளவு. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் ஒரு எலும்பும் கொடுக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து.

இப்போது அந்த வீட்டில் என்னிடம் கேட்ட கேள்விகள். முதல் கேள்வி எல்லா வீட்டிலும் வருவதுதான்: "அதே எலும்பத்தானே கருப்பனும் தின்னான், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?" ஜூலிக்கு அடைத்த துண்டு கருப்பனின் தொண்டையில் சுலபமாக இறங்கிவிடும், அவன் மென்றும் தின்றான். ஒன்றும் ஆகவில்லை என்பதும் முழு உண்மை இல்லை, விசாரித்தபோது மூன்று நாள் முக்கி முக்கி வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிபோல மலம் போயிருக்கிறான், கடைசியில் ரத்தக் கோடும் இருந்ததாம். அடுத்த விருந்தில் அவனுக்கும் கூரான ஒரு சில்லு குடலில் குறுக்கே நிற்கலாம். தெரு நாய் காலமெல்லாம் எலும்பு தின்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். கருவேலங்காட்டுக்குள் போய்ச் சுருண்டு செத்துப்போகிற நாயை யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதில்லை.

சமைத்தால் என்ன ஆகிறது? எலும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன் என்கிற புரத நார், மீதி பெரும்பாலும் கால்சியம் உப்பு. வளைந்துகொடுப்பது நாரின் வேலை. வெந்ததும் நார் ஜெலட்டினாகிக் குழம்பில் இறங்கிவிடுகிறது, எலும்பு சூப் ஆறினால் இறுகுவது அதனால்தான். மிஞ்சுவது வெறும் உப்புக்கூடு. பச்சைக் கருவேலங்குச்சி வளையும், காய்ந்தது சிராய் சிராயாகப் பிளக்கும், அந்த வித்தியாசம்தான். வறுத்தாலும் சுட்டாலும் புகையில் உலர்த்தினாலும் இதேதான், ஆக கவரில் வருகிற எலும்பும் நெருப்பு பட்ட எலும்புதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை இப்படிப் பாக்கெட்டில் விற்கிற எலும்புகளைப் பற்றி மட்டும் சுமார் 68 புகார்கள் வந்ததாகவும் சுமார் 15 நாய்கள் இறந்ததாகவும் சொல்லியிருக்கிறது. அடைப்பு, வாய்ப் புண், ஆசனவாயில் ரத்தம் எல்லாம் அதில் இருக்கிறது.

"குக்கர்ல அஞ்சாறு விசில் கூட விட்டா மாவா ஆயிருமே சார்" என்றார் அப்பத்தா. கோழியின் மெல்லிசு எலும்பும் சின்ன மீன் முள்ளும் ரொம்ப நேரம் விட்டால் விரலில் நசுங்கும், உண்மைதான். ஆட்டுத் தொடை எலும்பும் முதுகெலும்பும் ஓரம் மாவாகி நடு கெட்டியாகவே நிற்கும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. அதோடு குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. மாவான எலும்பும் அதிகமானால் மலத்தை இறுக்கும். நாய்க்கு ருசி காட்டவேண்டும் என்றால் உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் எலும்பை வேகவைத்து, வடிகட்டி, மேலே படிகிற கொழுப்பை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றுங்கள், எலும்பைக் குழிதோண்டிப் புதையுங்கள். குப்பைப் பையில் கட்டி வெளியே வைத்தால் கருப்பன் பிரித்துவிடுவான்.

அப்போ பச்சை எலும்பு? அது சிராயாகப் பிளப்பது குறைவு, அது வரைக்கும் சரி. ஆனால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம், நம் ஊர் வெயிலில் முற்றத்தில் கிடந்தால் பெருகிவிடும், அதே முற்றத்தில்தான் குழந்தை தவழும். கொடுத்தே தீருவேன் என்கிறவர்கள், அன்றே வெட்டிய, சதை ஒட்டிய, நாயின் வாயைவிடப் பெரிய துண்டாக, கூடவே உட்கார்ந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிற ஒழுங்கோடு மட்டும் கொடுக்கலாம். ஆட்டின் தொடை, கால் நடுத்தண்டு எலும்பு பச்சையாக இருந்தாலும் பல்லுக்குக் கெடுதல்தான். வளையமாக அறுத்த மாட்டு நல்லி எலும்பு கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். மஜ்ஜையில் கொழுப்பு அதிகம், கணையம் வீங்குகிற நாய்களும் உண்டு.

கெடா வெட்டு நடக்கிற வீடுகளுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன், எலும்பைவிட இது முக்கியம். நுரையீரல், ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் "இது நமக்கு ஆகாது" என்று அறுத்து நாய்க்கு வீசுவார்கள். அது பெரும்பாலும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் கட்டி. பச்சையாகத் தின்கிற நாயின் குடலில் புழு வளர்ந்து, மலத்தில் முட்டை வரும், அந்த முட்டை நம் வயிற்றுக்குப் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி. வீசாதீர்கள், புதைத்துவிடுங்கள், நாய்க்கு மருத்துவர் சொல்கிற இடைவெளியில் பிராசிகுவாண்டல் உள்ள பூச்சி மாத்திரை கொடுங்கள்.

முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்புகள் பெட்டிக்கடை வரை வந்துவிட்டன. அவை மாட்டுத் தோலின் உள்ளடுக்கு, சுண்ணாம்பில் முடி நீக்கி, வெளுத்து, உருட்டிக் காயவைத்தவை. பெரும்பாலும் பல் உடைக்காது, ஆனால் ஊறி வழவழப்பானதும் முடிச்சு மொத்தமாகப் பிய்ந்து தொண்டைக்குள் போகும், எக்ஸ்ரேயில் எலும்புபோல அது தெரியாது என்பது எங்களுக்குப் பெரிய தலைவலி. 2017-ல் அமெரிக்காவில் தோல் பதப்படுத்தும்போது சேர்த்த கிருமிநாசினி ரசாயனத்துக்காக ஒரு பெரிய தொகுதியைத் திரும்பப் பெற்றார்கள். அவசரமாக விழுங்குகிற ஜூலி மாதிரி நாய்க்கு நான் இதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். மெதுவாகக் கடிக்கிற நாய்க்குப் பக்கத்தில் இருந்து கொடுத்து, மிச்சம் வாய்க்குள் மொத்தமாக அடங்குகிற அளவு வந்ததும் வாங்கிவிடலாம்.

கடையில் எதை எடுத்தாலும் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழவேண்டும். விழாத பொருள் பல்லுக்கு ஆகாது. பல் சுத்தத்துக்கென்று விற்கிறவற்றில் வி.ஓ.ஹெச்.சி. (கால்நடைகளின் வாய் நலத்துக்கான குழு) முத்திரை இருந்தால் பற்காரை குறையுமா என்று சோதித்துப் பார்த்த பொருள் என்று பொருள், மற்றபடி கவரில் எழுதியிருக்கிற வாசகங்களுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

கடற்கரை வீடுகளில் மீனைப் பற்றியும் பேசியாகவேண்டும். காரல், சூடை வேகவைத்து முள் எடுத்துக் கொடுத்தால் அருமையான சாப்பாடு. கெளுத்தியின் முள்ளும் திருக்கை வால் முள்ளும் பின்பக்கம் பல் வைத்தவை, குத்தினால் உள்ளே போகுமே தவிர வெளியே வராது, அவற்றை வலை உதறுகிற இடத்தில் விட்டுவைக்காதீர்கள். பேத்தை மீன் கரையில் கிடந்தால் நாயை அந்தப் பக்கமே விடக்கூடாது, அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. உப்புக் கருவாடு வேண்டாம். தடைக்காலமும் மாம்பழக் காலமும் ஒன்றாக வருவதால் இதையும் சொல்கிறேன்: மாங்கொட்டை குடலை அடைத்து அறுவை வரை கொண்டுபோகும்.

ஜூலிக்கு இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்றால், சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீளவாக்கில் விரல் தடிமனில் சீவி, அரைவேக்காடு வேகவைத்து, மொட்டைமாடியில் கொசுவலைக்குள் காயவைத்து, தோல்போல வளைகிற பதத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு இது சீக்கிரம் காய்ந்துவிடும், நொறுங்குகிற அளவுக்கு விடக்கூடாது. நகம் பதிகிற ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுகிறாள். கருப்பனுக்குத் தனி இடத்தில், தனித் தட்டு. இரண்டு பேரும் அவரவர் வேகத்தில் தின்கிறார்கள், விழுங்குகிற அவசரம் இதிலேயே பாதி குறைந்துவிட்டது.

எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் சோற்று உருண்டை, பழம், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம், தண்ணீரும் நிறுத்துங்கள். விரலை விட்டுத் துழாவினால் கண்ணுக்குத் தெரியாத துண்டு இன்னும் கீழே போகும். மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பக்கத்தில் இருக்கிற கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். இல்லையென்றாலும் அன்றைக்கே எக்ஸ்ரே, மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள், சட்டியில் அதே மாதிரி எலும்பு மிச்சமிருந்தால் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள், எக்ஸ்ரேயில் தெரிகிற துண்டோடு வைத்து அளவும் வடிவமும் பார்த்தால், இங்கேயே பார்க்கலாமா, மதுரைக்கு வண்டி ஏற்றவேண்டுமா என்று உடனே முடிவு செய்துவிடலாம்.